கடலுக்குப் புறப்படும் கூட்டுக் கணக்கு

அறுபது வயதைக் கடந்த தம்பதியர் ஒரு காலை வேளையில் கிளைக்கு வந்து, முதிர்வுக்கு இன்னும் காலம் இருக்கும் வைப்புகள் அனைத்தையும் முறித்துத் தரும்படி கேட்டால், வங்கி ஊழியர் மனத்தில் இந்நாளில் முதலில் எழுவது ஐயமே. காவல் அதிகாரி போலத் தொலைபேசியில் பேசி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, முதியோரின் வாழ்நாள் சேமிப்பைப் பறித்துக்கொள்ளும் மோசடிகள் பெருகிய பின்னர், இத்தகைய வேண்டுகோள் வரும்போது நிதானமாக நான்கு கேள்விகள் கேட்ட பிறகே பணத்தை விடுவிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எர்ணாகுளத்திலுள்ள எங்கள் கிளையிலும் அப்படித்தான் கேட்டோம். யாராவது தொலைபேசியில் பயமுறுத்தினார்களா? காணொலி அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்றார்களா? பணம் யாருக்குப் போகிறது?

அம்மையார் சிரித்தார். "யாரும் பயமுறுத்தவில்லை சார். பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போகிறோம். அதில் மாலத்தீவு வழியாகச் செஷல்ஸ் வரை போய்வரப் போகிறோம்" என்றார்.

எங்கள் ஐயம் இரட்டிப்பாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று எதையும் முறிக்கவில்லை. படிவங்களைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் யோசித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டது. அதற்குள் அவர்களுக்கும் எங்களுக்கும் இடையே நடந்த உரையாடல்களிலிருந்து, ஓய்வுபெற்ற எல்லாத் தம்பதியருக்கும் சொல்லத்தக்க ஒரு கருத்து எங்களுக்குள் உருவாயிற்று. அவர்களுடைய இசைவு பெற்று, அடையாளம் தெரியாதவாறு, அதை இங்கே முன்வைக்கிறோம்.

கணவர் முப்பத்தைந்து ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக இருந்தவர். மனைவி மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கப்பல்காரர் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையின் அமைப்புத் தெரியும். ஆறு மாதம், ஒன்பது மாதம் என ஒப்பந்தத்தில் கணவர் கடலில் இருப்பார். வீட்டுக் கடன், மகனின் பள்ளிக் கட்டணம், வருமான வரி, மாமனாரின் மருத்துவமனைச் செலவு, கூரை ஒழுகினால் கொத்தனார் என அனைத்தும் கரையிலிருக்கும் பெண்ணின் பொறுப்பு. எங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த வீட்டின் வைப்புகளைத் தொடங்கியதும் புதுப்பித்ததும் வட்டியைக் கணக்கிட்டுக் கேட்டதும் அம்மையார் ஒருவரே என்பது விளங்கியது. வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கை, கணவர் ஓய்வுபெற்று நாடு திரும்பியபின், உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்று தாமாகவே விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தவரும் அவரே. பலரை நாங்கள்தான் தேடிப்பிடித்து நினைவூட்ட வேண்டியிருக்கும்.

"முப்பத்தைந்து வருடம் துறைமுக வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவந்தேன். இப்போது வாசலைத் தாண்ட வேண்டும் போலிருக்கிறது" என்றார் அவர். படகு கணவரின் ஆசை என்றே அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம்.

கொச்சியில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை விசித்திரமாகத் தோன்றாது. போல்காட்டித் தீவில் படகுத்துறை ஒன்று இருக்கிறது. சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் வெளிநாட்டுக் கொடிகளோடு சிறு பாய்மரப் படகுகள் அங்கே வந்து நிற்கும். அவற்றிலிருந்து இறங்கிக் காய்கறிப் பையோடு நகரப் படகுக்குக் காத்திருக்கும் நரைத்த தலைத் தம்பதியர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் நம்மைப் போலவே ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் நம் தம்பதியருக்கும் எண்ணம் பிறந்ததாம்.

சில நாளில் வெளிநாட்டிலிருக்கும் மகன் எங்களை அழைத்தார். குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதி. வைப்புகள் எவ்வளவு, எதை முறிக்கிறார்கள், அதை நிறுத்திவைக்க வழி உண்டா என்று கேட்டார். கணக்கில் பெயர் இல்லாதவருக்கு இருப்புத் தொகையைச் சொல்வதற்கே எங்களுக்கு உரிமை இல்லை. அவர் மகனே ஆனாலும் இல்லை. அதைப் பணிவோடு சொன்னோம். "அவர்களுக்கு நடுக்கடலில் ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெற்றோரின் சேமிப்பைத் தங்களிடம் வந்து சேர வேண்டிய தொகையாக, வந்து சேரும்வரை வங்கி காத்துவைக்க வேண்டிய தொகையாகக் கருதும் பிள்ளைகளை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். இந்த மகன் அப்படிப்பட்டவர் அல்லர். இருந்தாலும் பணம் சம்பாதித்தவர்களுடையது. அதைத் திருமணத்துக்குச் செலவிட்டால் கேள்வி இல்லை. மாடி கட்டினால் கேள்வி இல்லை. கடலுக்குச் செலவிட்டால் மட்டும் ஏன் அறிவு மங்கிவிட்டதாக முடிவு செய்ய வேண்டும்?

ஆகவே போகலாமா கூடாதா என்பது வங்கியின் கேள்வி அன்று. எப்படிப் போவது என்பதில் எங்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

முதலில் வழியைப் பார்ப்போம். காற்றின் நாட்காட்டி தெரியாமல் செலவின் நாட்காட்டியை எழுத முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடலில் சிறு படகுக்கு வேலையில்லை. வடகிழக்குக் காற்று நிலைபெறும் சனவரியில் கொச்சியிலிருந்து புறப்பட்டால் மாலத்தீவின் வடமுனையிலுள்ள உலிகமு தீவு ஏறத்தாழ 260 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு அது இரண்டு பகல், இரண்டு இரவு, மேலும் சில மணி நேரம். மாலேயிலிருந்து செஷல்ஸின் தலைத்தீவான மாஹே வரை ஏறத்தாழ 1,200 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் பத்து நாள். திரும்பி வருவதற்குத் தென்மேற்குக் காற்று தணியும் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். எந்திரம் இல்லாத காலத்தில் மலபாருக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே சென்றுவந்த வணிகர்களும் இதே காற்றுகளைத்தான் நம்பினார்கள். பேப்பூரில் இன்றும் கட்டப்படும் உருக்களின் முன்னோர்கள் போய்வந்த நெறி அது. எனவே இது ஒன்பது மாதக் கணக்கு. நான்கு காலாண்டு வட்டிகளில் மூன்று, அவர்கள் இல்லாதபோது வந்து சேரும்.

இந்த வழியில் எங்களைச் சிந்திக்கவைத்த செய்தி வேறு. படகில் இருப்பவர்கள் இருவர் மட்டும். சரக்குக் கப்பல்கள் செல்லும் கடலில் எந்நேரமும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஒருவர் காவல் இருப்பார், மற்றவர் உறங்குவார், பின்னர் மாற்றிக்கொள்வார்கள். பத்து நாளும் இதுவே. அதாவது இருவரும் சேர்ந்து செல்வதாக நாம் நினைக்கும் பயணத்தில் பாதி நேரம் ஒவ்வொருவரும் தனியாகவே படகு ஓட்டுகிறார்கள். காவலில் இருப்பவர் தவறி நீரில் விழுந்தால், உறக்கத்திலிருந்து எழுந்து பாயை இறக்கி, எந்திரத்தை இயக்கி, படகைத் திருப்பிக்கொண்டு வந்து தூக்க வேண்டியவர் மற்றவர்தான்.

"மேடத்துக்கு அது தெரியுமா?" என்று கேட்டோம். கணவர் பதில் சொல்லவில்லை. சற்றுக் கழித்து அம்மையார், "அவருக்கு ஏ.டி.எம். அட்டையின் பின் எண் தெரியுமா என்றும் கேளுங்கள்" என்றார்.

தெரியவில்லை. எந்த வைப்பு எந்தக் கிளையில், எது எப்போது முதிர்கிறது, நியமனதாரர் யார், மருத்துவக் காப்பீட்டின் தவணை எந்த மாதம் என எதுவுமே தெரியவில்லை. முப்பதாயிரம் குதிரைத்திறன் எந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவர், தம் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்கத் தெரியாமல் எங்கள் முன் அமர்ந்திருந்தார். மனைவியோ காசோலை முதல் வருமான வரி வரை அறிந்தவர். படகின் பாயை எந்தக் கயிறு ஏற்றும், எது இறக்கும் என்று அறியாதவர். ஒரு குடும்பத்தின் அறிவு இரண்டாகப் பிளந்து இரண்டு தலைகளில் இருந்தது.

கூட்டுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புகிறோம். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று அதில் எழுதியிருக்கும். வங்கி வழக்கில் 'ஐதர் ஆர் சர்வைவர்'. பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. எழுத்தர் குறியிடச் சொன்ன இடத்தில் குறியிடுகிறார்கள். அதன் பொருளோ கனமானது: எவரும் தனித்து இயக்கலாம், ஒருவர் இல்லாதபோது மற்றவர் தொடரலாம். சட்டம் அந்த உரிமையைத் தந்துவிடுகிறது. அதைப் பயன்படுத்தும் திறமையைத் தர அதனால் இயலாது. கணவர் மறைந்து மூன்றாம் மாதம், எந்தக் கோப்பு எங்கே என்று அறியாமல் எங்கள் மேசை முன் வந்து நிற்கும் பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! இந்தக் குடும்பத்தில் அது தலைகீழாக நிகழ்ந்திருக்கும், அவ்வளவே.

இவ்விடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் சாக்ரட்டீஸ் என்ற கணித ஆசிரியை, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் பாய்மரக் கலையைக் கற்கத் தொடங்கினார். 1997-இல் கணவரும் அவரும் பணியிலிருந்து விலகிப் படகு வாங்கிப் புறப்பட்டார்கள். 2003-இல் கணவர் புற்றுநோயால் மறைந்தார். படகை விற்றுவிட்டு வீடு திரும்புவார் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். அவர் தனியே தொடர்ந்தார். 2008-இல், உலகை ஒருமுறை சுற்றி முடிக்க நூறு மைலுக்கும் குறைவாகவே இருந்தபோது, மெக்ஸிகோக் கரையில் படகு தரைதட்டி அழிந்தது. வேறு படகு வாங்கினார். 2013-இல், தமது 70-ஆம் வயதில், கனடாவின் விக்டோரியாவிலிருந்து புறப்பட்டு எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் 259 நாளில் உலகைத் தனியே சுற்றி வந்தார். 2019-இல், 77 வயதில், மீண்டும் ஒருமுறை. அன்றைய நாளில் அப்படிச் சுற்றிவந்தவர்களில் மிக மூத்தவர் அவரே. வீரச் செயல் என்று வியப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணவர் உயிருடன் இருந்தபோதே படகின் பாதி வேலையை அவர் கையில் எடுத்திருந்தார். அதனால்தான் 2003-க்குப் பிறகு என்ன செய்வது என்பதை அவரால் தாமே முடிவு செய்ய முடிந்தது.

நம் நாட்டிலும் பெண்கள் பாய்மரத்தில் உலகைச் சுற்றியவர்களே. கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி என்ற படகில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் இரண்டு பெண் அதிகாரிகள் மட்டும் புறப்பட்டு 2025 மே இறுதியில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற படையினர், நம் அம்மையார் 61 வயதுக்காரர் என்பது உண்மைதான். ஆனால் அவர் எடுத்த முடிவு எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். கணவர் கற்றுத்தர முன்வந்ததை ஏற்கவில்லை. கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் காரணத்தை அறிவார்கள்.

பணத்துக்கு வருவோம். வாங்கவிருந்தது 36 அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைப் படகு. வணிகவியல் படித்த எங்கள் கண்ணுக்கு அது முதலீடே அன்று. நாள்தோறும் தேயும் உடைமை. படகோட்டிகளிடையே ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். அடிப்புறத்தைக் கரையேற்றிச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். உயிர்காப்பு மிதவையைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். பாய் கிழியும், மின்கலம் சாகும், டீசல் எந்திரம் தன் மனம்போல நடக்கும். புதிய படகு வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க: உல்லாசப் படகுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம்.

அவர்கள் முதலில் திட்டமிட்டிருந்தது எல்லா வைப்புகளையும் முறித்து, அடுக்குமாடி வீட்டையும் விற்று, படகையே வீடாக்கிக்கொள்வது. இதை நாங்கள் கடுமையாகவே எதிர்த்தோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணவர் பெயரில் 30 இலட்சம் இருந்தது. தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இரண்டாண்டு நிறையுமுன் முறித்தால் அசலிலேயே ஒன்றரை சதவீதம், அதாவது 45,000 ரூபாய் போய்விடும். முறிக்காமல் விட்டால் 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வந்து விழும். நடுக்கடலில் இருப்பவருக்கு இதைவிட நம்பகமான சம்பளம் ஏது? படகுக்கான தொகையை நிலை வைப்புகளில் சிலவற்றிலிருந்து எடுக்கலாம். எதிர்பாராத பழுதுக்கு மீதி வைப்புகளை முறிக்காமல், அவற்றின் பேரில் கடன் வரம்பு ஒன்றை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளலாம். எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி.

வீட்டை விற்காதீர்கள் என்றதற்குக் காரணம் உணர்ச்சி அன்று. தம் பொருள் முழுவதையும் படகில் போட்டவர்கள் படகை விட்டு இறங்கத் தயங்குவார்கள். கணவருக்கு நெஞ்சு வலி, அருகில் ஒரு தீவு, அங்கிருந்து விமானம் உண்டு. ஆனால் படகை யாரிடம் விடுவது, களவு போனால் என்ன செய்வது என்று ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போடுவார்கள். படகை அப்படியே கைவிட்டு வீடு திரும்பினாலும் வாழ முடியும் என்ற நிலை இருக்கும்போது மட்டுமே உரிய நேரத்தில் இறங்கும் துணிவு வரும். ஆகவே இரண்டு விமானச் சீட்டு, ஒரு மருத்துவமனை, ஆறு மாத வீட்டுச் செலவு ஆகியவற்றுக்குப் போதுமான தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி, அதைப் படகின் எந்தத் தேவைக்கும் தொடுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றோம். வீட்டை வாடகைக்கு விடலாம், பூட்டியும் வைக்கலாம். விற்க வேண்டா. உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதையும் அப்போதே எடுத்துச் சொன்னோம். கணவர் செல்லும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மகன் கேட்ட கேள்வியை நாங்கள் மறந்துவிடவில்லை. 2009 அக்டோபரில் பால் சாண்ட்லர், ரேச்சல் சாண்ட்லர் என்ற பிரிட்டிஷ் தம்பதியர் தங்கள் 'லின் ரைவல்' படகில் செஷல்ஸிலிருந்து தான்சானியாவுக்குப் புறப்பட்டார்கள். சோமாலியக் கடற்கொள்ளையர் அவர்களைப் பிடித்துச் சென்று 388 நாள் சிறைவைத்தனர். 2010 நவம்பரில்தான் விடுதலை. கொள்ளை சில ஆண்டுகள் அடங்கியிருந்து, 2023 இறுதியில் மீண்டும் தலைதூக்கியது. 2024 மார்ச்சில் நம் கடற்படை 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலை மீட்டு 35 கொள்ளையரைப் பிடித்தது நினைவிருக்கலாம். கொள்ளையர் இல்லாவிட்டாலும் கடல் இருக்கிறது. உலகைத் தனியே நிற்காமல் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டோமி, 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தார். பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஒன்று வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. இவற்றையெல்லாம் தம்பதியரிடம் சொன்னோம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. செஷல்ஸுக்கு மேற்கே போவதில்லை என்பதும், புறப்படுமுன் அங்குள்ள நிலவரத்தை விசாரித்து, சரியில்லையேல் மாலத்தீவோடு திரும்பிவிடுவது என்பதும் அவர்கள் முடிவு. சாண்ட்லர் தம்பதியர், மீட்கப்பட்ட தங்கள் படகைப் பழுதுபார்த்து 2012-இல் மறுபடியும் கடலுக்குப் போனார்கள் என்பதை அம்மையார்தான் எங்களுக்குச் சொன்னார்.

இனி, எங்களிடம் அவர்கள் கேளாமலே நாங்கள் சொன்னவை. வெளிநாட்டில் நெடுங்காலம் தங்கும் எவருக்கும் இவை பொருந்தும் என்பதால் சற்று விரிவாக.

இன்று வங்கிக் கணக்கின் திறவுகோல் கைப்பேசி எண். கடலில் ஓடிபி வராது. அயல்நாட்டுத் துறைமுகத்தில் வருவதும் நிச்சயமில்லை. 90 நாள் பயன்பாடும் கணக்கில் குறைந்தபட்சத் தொகையும் இல்லாத சிம் அட்டையின் எண் முடக்கப்பட்டு, வேறொருவர் கைக்குப் போகக்கூடும். எனவே இருவர் எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள், மின்னஞ்சலையும் பதிவு செய்யுங்கள், காலாண்டுச் செலவுகளை நிலை அறிவுறுத்தலாகக் கொடுத்துவிடுங்கள் என்றோம். அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்தால்தான் திறக்கும். அட்டை வாங்கும்போது அது மூடியே இருக்கும். தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். குறித்த வரம்பைத் தாண்டினால் வரி முன்வசூல் உண்டு, அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் தொலைபேசியை உரிய அனுமதி இல்லாமல் இந்தியக் கரையில் வைத்திருப்பது குற்றம். இது எங்கள் துறை அன்று, ஆனாலும் சொன்னோம்.

அம்மையாரின் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றிதழ் அளிக்க வேண்டும். இப்போது முகம் காட்டிக் கைப்பேசியிலேயே அளிக்கலாம். காற்று ஏமாற்றி, நவம்பரிலும் செஷல்ஸிலேயே தங்க நேர்ந்தால், அங்கேயும் மாலேயிலும் இந்தியத் தூதரகங்கள் உண்டு. "கடலில் பிழைத்திருப்பதை முதலில் கடல் சான்றளிக்கட்டும், பிறகு உங்களிடம் வருகிறேன்" என்று அவர் சொன்னபோது, சிரிப்பதா வேண்டாவா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்துச் சொன்னது எங்களுக்கே சங்கடமானது. நிலை வைப்பு கூட்டாக இருந்து, இருவரும் உயிருடன் இருக்கையில், முதிர்வுக்கு முன் முறிக்க இருவர் கையொப்பமும் தேவை. ஒருவர் மறைந்தபின் மற்றவர் தனியே முறிக்க வேண்டுமானால், அதற்கான ஒப்புதலை இருவரும் முன்னரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் பிற வாரிசுகளின் இசைவைத் தேடி அலைய நேரும். பெரும்பாலோர் அந்த ஒப்புதலைக் கொடுப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அது எங்கள் குறை. கடலில் காணாமற்போனவர் நிலை இன்னும் கடினம். உடல் கிடைக்காமல், சான்றும் இல்லாமல் போனால், ஏழாண்டு செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதும் விதியே துணை. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த அவ்விதி புதிய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. ஏழாண்டு! அதுவரை வீட்டுச் செலவுக்கு, இருவரில் எவரும் இயக்கக்கூடிய சேமிப்புக் கணக்கே கைகொடுக்கும். இதை விளக்கி முடித்தபோது மேசைக்கு அப்புறம் இருவரும் பேசவில்லை. பின்னர் அம்மையார் பேனாவை எடுத்து ஒப்புதல் கடிதத்தில் முதலில் கையொப்பமிட்டார். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சொன்னதும், மகனோடு மருமகளின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறார்கள். வரும் பருவத்தில் கொச்சியிலிருந்து கோவா வரை ஏறத்தாழ 350 கடல் மைல் கரையோரமாகப் போய்வருவது, அதில் பாதித் தூரத்தை அம்மையார் பொறுப்பேற்று நடத்துவது, கணவர் எதிலும் தலையிடாமல் அமர்ந்திருப்பது என்பது ஏற்பாடு. இரண்டாவது பகுதியே கடினமானது என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த ஓராண்டுக்கு வீட்டின் கணக்கு வழக்கு முழுவதும் கணவர் கையில். அம்மையார் எதிலும் தலையிடுவதில்லை. மகன் விடுப்பில் வந்து அந்தக் கரையோரப் பயணத்தில் மூன்றாவது ஆளாகச் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் கணவர் கிளைக்குத் தனியாக வந்தார். படகுக்கு வேண்டிய வைப்புகளை முறிக்கும் படிவம் கையில் இருந்தது. அம்மையாரின் கையொப்பம் அதில் ஏற்கெனவே இருந்தது. அவர் எங்கே என்று கேட்டோம். வாங்கவிருக்கும் படகில், உரிமையாளரைக் கரையில் நிறுத்திவிட்டு, தனியே நங்கூரம் இட்டுப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வரிசைச் சீட்டு எடுத்து, முறை வரும்வரை காத்திருந்து, கணக்கேட்டை அச்சிடும் இயந்திரத்தோடு சிறிது போராடி, படிவத்தைக் கணினிக்கு முன் இருந்த எங்கள் சக ஊழியரிடம் நீட்டினார். கையொப்பம் எங்கள் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. கணக்குத் தொடங்கியபோது இட்ட மாதிரிக்குப் பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அவர் எங்களிடம் கையொப்பமே இட்டதில்லை. புதிய மாதிரிக் கையொப்ப அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, மூன்று இடத்திலும் மெதுவாக எழுதினார்.